எண்பதாம் நாளின் மஞ்சள் சீட்டு

அந்த மாநிலச் செனட்டில், மஞ்சள் சீட்டு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. எந்த விதிப்புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆயினும் நாற்பது உறுப்பினர்களும், அவர்களுடைய உதவியாளர்களும், வாசற்காவலர்களும் அதை மீறியதில்லை. கூட்டத்தொடரின் கடைசி மூன்று நாட்களில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வரவேண்டுமானால் அனைவருடைய சம்மதமும் வேண்டும். சம்மதமில்லாத ஒருவர் செயலரிடம் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்தால் போதும், மசோதா அங்கேயே நின்றுவிடும். கொடுத்தவர் பெயர் செயலரின் இழுப்பறைக்குள் அடங்கிவிடும்.

கூட்டத்தொடரின் கடைசி நாளான எண்பதாம் நாள் முற்பகல், செனட்டர் லவான் ஸ்டாக்டாலின் உதவியாளர் மாரிட் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செயலர் அலுவலகத்தில் பணிபுரியும் தோழி ஜோலீனைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஹலோ... ஹலோ, ஜோலீன்? நான்தான்டி... ஆமா, ஆமா, பிஸியாத்தான் இருப்பே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவை கலையுதுல்ல... இல்லடி, நான் கேக்கலை. யாருன்னு கேட்டேனா? நான்பாட்டுக்குப் பேரா சொல்லிக்கிட்டே போறேன், நீபாட்டுக்கு ஒரு இடத்துல இருமு... இருமல் வரலைன்னா தும்மு... சிரிக்காதே. எனக்கு வயிறு எரியுது."

வெளியறையில் இரண்டு பேருந்துகளில் வந்திறங்கிய குடும்பங்கள் காத்திருந்தன. முதியோர் இல்லங்களில் எந்நேரமும் எட்டுப் பேருக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும் என்னும் மசோதாவுக்காக அவர்கள் வந்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் ஸ்டாக்டால்தான்; இப்போது அதை யாரோ கொடுத்த ஒரு மஞ்சள் சீட்டு நிறுத்தி வைத்திருந்தது. முப்பத்தாறு உறுப்பினர்கள் உடன் கையெழுத்திட்டிருந்தார்கள். மிஞ்சியவர்கள் மூவர். அந்த மூவரையும்தான் மாரிட் இரண்டு நாட்களாகச் சந்தேகித்துக்கொண்டிருந்தாள்.

"டேல் ப்ரன்ஸ்வால்ட்... அவர்தானே? அவர் மச்சான் மூணு இல்லம் நடத்துறார்... என்னது? அவரே வந்தாரா?... சீட்டை எடுத்தாச்சான்னு விசாரிச்சாரா?... நடிப்புடி, பக்கா நடிப்பு... ஓ... ஓட்டுப் போட்டுத் தொலைச்சா நிம்மதின்னாரா... ம்... ஆமா, அவர் ஊர்ல விட்டு வைக்க மாட்டாங்கதான். சரி, பட்டியல்ல அவர் பேரை அடிச்சுட்டேன். அடுத்தது... அவர் ஆஸ்பத்திரியிலயா? எப்பலேர்ந்து?... பத்து நாளா... சரி, அவரும் இல்ல. அப்போ அந்த மூணாவது ஆளு... ஊர்லயே இல்லையா?"

பட்டியலில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அப்போ கையெழுத்துப் போட்டவங்கள்லயே ஒருத்தர்... இல்லடி, நான் கேக்கலை!... ஜனங்களே இதைக் கேக்கலைன்னு மட்டும் சொல்லாதே. நூத்துக்கு எழுபத்தொண்ணு பேர் வேணும்னு ஓட்டுப் போட்டிருக்காங்க... ஆலோசனை வாக்கெடுப்புதான், எனக்குத் தெரியாதா? இந்த மாநிலத்துல ஜனங்க ஆலோசனைதான் சொல்லலாம். சட்டம் இவங்க மனசு வெச்சாத்தான். அதுக்கும் எண்பது நாள்தான்னு அரசியல் சட்டத்துல எழுதிட்டுப் போயிட்டாங்க, விதைக்கற காலத்துக்கு முன்னாடி எல்லாரும் பண்ணைக்குத் திரும்பணுமாம். இப்ப எவன் ஏர் பிடிக்கிறான் இங்க?... அடுத்த கூட்டமா? ரெண்டு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் எங்கப்பா எந்திரிச்சு நடக்காம இருக்கட்டும்ங்கறியா?"

சென்ற குளிர்காலத்தில் அவளுடைய தந்தை முதியோர் இல்லத்தின் குளியலறையில் விழுந்து, நான்கு மணி நேரம் ஓடுகளின் மேல் கிடந்தார். அன்று முப்பத்திரண்டு பேருக்கு ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்த பணிப்பெண் அவரைக் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாளாம். மாரிட்டால் அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

"ம்... ம்... என்ன கேட்டே? கதவா? சாத்தித்தான் இருக்கு... ஏன் மெதுவாப் பேசணும்? இது எங்க ஆபீஸ்டி. இங்க யாருக்குக் கேட்டா என்ன, எல்லாரும் நம்ம..."

அவள் நிறுத்திக்கொண்டாள். கதவின் கண்ணாடிக்கு அப்பால் செனட்டர் ஒரு தட்டிலிருந்து எலுமிச்சை இனிப்புத் துண்டுகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஜோலீன்... சீட்டு என்னிக்கு வந்தது? பேர் வேண்டாம், நாள் மட்டும். அது வரவுப் பதிவேட்டுல இருக்கு, யார் வேணா பாக்கலாம்... புதன்கிழமை. மதியமா?... சரி... ஒண்ணுமில்ல... இல்ல, இருக்கு. உனக்கும் தெரியும், எல்லா ஆபீஸ்லயும் ரெண்டு அறிக்கை அடிச்சு வைப்போம், ஜெயிச்சா ஒண்ணு, தோத்தா ஒண்ணு... ஆமா, வழக்கம்தான். இந்தத் தடவை செனட்டர் என்கிட்ட தோத்தா சொல்ற ஒண்ணை மட்டும்தான் கேட்டாங்க. 'கடைசி நிமிஷம் வரை போராடினோம், கண்ணுக்குத் தெரியாத கை தடுத்துடுச்சு'ன்னு. நான்தான் அடிச்சேன். திங்கக்கிழமை... திங்கக்கிழமைடி! எந்தக் கையும் தடுக்காத திங்கக்கிழமை!... வேலை மும்முரத்துல இன்னொண்ணை மறந்துட்டாங்கன்னு நானே உக்காந்து எழுதி மேஜையில வெச்சேன். நேத்து அது குப்பைக்கூடையில கிடந்தது. கைதவறி விழுந்திருக்கும்னு எடுத்து மறுபடி மேஜையில வெச்சேனே, என்னைச் சொல்லணும்!... ஹலோ? ஹலோ, இருக்கியா?... மூச்சு கேக்குது. ஏதாவது சொல்லு. இல்லைன்னாவது சொல்லு... சொல்ல மாட்டியா?... சரி."

அவளுடைய குரல் இறங்கியது.

"நிறைவேறினா ஆள் போடணும், ஆள் போட்டா வரி ஏத்தணும், அடுத்த தேர்தல்ல அதுக்குப் பதில் சொல்லணும். நிறைவேறலைன்னா இதே மசோதாவைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போலாம்... எட்டு வருஷமா அவங்க பேச்சை நான்தான்டி எழுதறேன்... அவங்களை உள்ளே கூப்பிட்டுத் தனியாக் கேக்கறதா? மாட்டேன். உள்ளே கேட்டா பதிலும் உள்ளயே நின்னுடும்... தெரியும், வேலை போயிடும். இந்தக் கட்டடத்துல வேற யாரும் சேத்துக்கவும் மாட்டாங்க, தெரியும்... நீ வெச்சுடு. நீ ஒரு பேரும் சொல்லலை, இருமக்கூட இல்லை... வெச்சுடுன்னா வெச்சுடு, ஜோலீன்!"

இணைப்பு அறுந்தது. மாரிட் கைப்பேசியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். பேச்சுச் சத்தம் ஓயவில்லை. செனட்டர் மட்டும் தட்டோடு திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

"செனட்டர், இவங்க எல்லாரும் இருக்கும்போதே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "அந்த மஞ்சள் சீட்டு யாரோடது? உங்களோடதா?"