மூச்சு விட்ட மீட்டர்

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு சேந்தமங்கலம் பஸ்ஸில் திரும்பி வந்தேன். முன் சீட்டில் ஒரு லாரிக்காரரும் அவருடைய மெக்கானிக்கும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என்ஜின் ஆஃப்ல இருக்கறப்பவே நீ மாட்டுன மீட்டரு மூச்சு உடுதப்பா."

"ஏனுங்கண்ணா, காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா?"

"சாமி சத்தியமா. பொகச்சூடு காட்டுற மீட்டரு கம்முனு கெடக்குது. டர்போ காத்து மீட்டர்லதான் முள்ளு மெல்ல ஏறுது, எறங்குது."

"சூட்டு மீட்டருன்னாக்கூட வயரு மாத்திக் குடுத்திருப்பேன்னு சொல்லலாமுங்க. இதுக்கு வெறும் டியூப்புங்க. என்ஜின் ஓடாம காத்து ஏதுங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன். மத்தியானம் எம் பையன் மொதல் லோடு எடுக்கறான். வண்டியக் குடுக்கட்டுமா, வேண்டாமா?"

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுவிட்டது.  லாரிக்காரர் அவன் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"மீட்டர் வைக்க எடமில்லைன்னு டேஷ்போர்டுல இருந்த செத்துப்போன என் தம்பி படத்தக் கழட்டுனியே, அத எங்கடா வெச்ச?"

"அழுக்காயிரக் கூடாதுன்னு துணியில இறுக்கிச் சுத்தி, டூல் பாக்ஸ்ல போட்டுப் பூட்டிட்டனுங்க."

என் கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரிக்காரர் மகனுக்குப் போன் போட்டுக் காதில் வைத்தார்.

"சாமி, வண்டிய எடுக்காத. மொதல்ல டூல் பாக்ஸத் தொறந்து சித்தப்பன வெளிய எடு."