தண்ணீர்ப் பள்ளம்

ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே கால். மேலே இரைச்சல். முதலில் மெல்லிசாக, பிறகு காதைப் பிய்க்கிறது. எங்கள் லொறி எரிகிறது. யாருடைய விமானம் என்று இன்றும் தெரியாது.

சாட் நாட்டின் வடக்கே, திபெஸ்தி மலை. கறுத்த எரிமலைக் கல். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஒட்டகத்தில் அரை நாள். மழை எப்போதோ பெய்யும். அது பாறைப் பள்ளங்களில் தேங்கிக் கிடக்கும். ஆனால் தண்ணீரருகே யாரும் குடியிருப்பதில்லை. மொண்டுகொண்டு மேலே போய்விடுவார்கள். பகையும் அங்கேதான் வந்து சேரும் என்று எங்கள் வழிகாட்டி ஹசன் இரண்டு தடவை சொன்னார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

நான் மட்டக்களப்பான். குழாய்க்கிணறு துளைக்கும் கம்பனியில் மெக்கானிக். எனக்கு வேறு பாடம். விமானம் வந்தால் பள்ளத்துக்குள் விழ வேண்டும். சின்ன வயதில் பதுங்குகுழிதான் என்னைக் காப்பாற்றியது.

ஹசன் பாறைமேல் ஏறுகிறார். அவர் மனைவி ஹலிமாவும் இரண்டு மகள்களும் பின்னால். கத்துகிறேன். பிரெஞ்சு வரவில்லை. தமிழ் வருகிறது.

"பள்ளத்துக்குள்ள இறங்குங்க! இறங்குங்க!"

கையைக் காட்டினேன். தாயும் மகள்களும் விளங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்து தண்ணீர்ப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். நானும் அங்கேதான் ஓடினேன். இன்னும் இருபது அடி. கூவல் சத்தம் ஒன்று. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

ஹசன் பாறையிலிருந்து இறங்கி வந்தார். உச்சிவெயில் வரை இருவரும் பள்ளத்தை மூடிய கல்லைப் புரட்டினோம். அவர் என்னைத் திட்டவில்லை. தன் தண்ணீர்த் தோற்பையை என் வாயருகே பிடித்தார். குடித்தேன். அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது கனடாவில், மொன்றியல். சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் வேலை. போன கிழமை வெளியே ஏதோ இரைந்தது. பெட்டிகளுக்கு நடுவே குப்புற விழுந்து கிடந்தேன். கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சிவா தோளைத் தொட்டான்.

"அண்ணை, எழும்புங்கோ. ரோட்டில பனி தள்ளுறாங்கள், வேறொண்டுமில்லை."

எழும்பினேன். மிச்சப் பெட்டிகளையும் அடுக்கினேன். அழுகை வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

லொறி ஒன்று. துளைக்கும் இயந்திரம் ஒன்று. ஹசனின் ஆடுகள் பதினொன்று. பள்ளத்தைக் கல் மூடிவிட்டது. ஹலிமா. ஸாரா, ஒன்பது வயது. பாத்துமா, ஆறு வயது. அந்தப் பள்ளத்தாக்கில் இருந்ததே மூன்று குடும்பங்கள்.

குண்டு போட்டவர்கள் யாரோ. கூப்பிட்டது நான்.