தீயணைக்க வந்தவர் விழுந்த ஓட்டை

செம்பூரில் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"நெருப்பணைக்க வந்தவரு கீழ பாத்து நடக்கலன்னு போலீஸ்ல நான் சொல்லணும்னு ஓனரு சொல்லுதாரு, மதினி."

தாராவியில் மாடியை வாடகைக்கு எடுத்துத் தையல் பட்டறை நடத்துகிறவள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. போன வாரம் அங்கே தீப்பிடித்திருக்கிறது.

"கீழருந்து மூட்டை ஏத்த மாடித் தரையில ஓட்டை போட்டது ஓனரு. கம்பி அடைச்சுத் தாங்கன்னு எத்தனை வாட்டி கேட்டேன்! ஒரு பிளைவுட்டைப் போட்டு மூடிட்டுப் போயிட்டாரு. நெருப்பணைக்க வந்த மனுசன் அதுல கால வச்சுத்தான் கீழ விழுந்தாரு. இடுப்பெலும்பு போச்சு."

"அது மேல நீயும் துணியப் போட்டுல்லா வச்சிருந்த? உன்னையும் சேத்துப் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும். துணி போட்டது நான்தான்னு சொல்லுதேன். ஓட்டை போட்டது அவருன்னும் சொல்லுதேன்."

"ரூமக் காலி பண்ணச் சொல்லிருவாரு, ஏட்டி."

"பண்ணுதேன். புகைக்குள்ள எதப் பாத்து நடக்க, மதினி? நாங்க எல்லாரும் வெளிய ஓடி வாறோம். அவரு மட்டும், 'உள்ள யாரும் இருக்காங்களா'ன்னு கேட்டுக்கிட்டே மேல ஏறுனாரு."

இளையவளின் போன் அடித்தது. "ஓனருதான்" என்று மதினியிடம் சொல்லிவிட்டு எடுத்தாள்.

"ஆமா அண்ணாச்சி, ஸ்டேஷனுக்குத்தான் போறேன். நீங்களும் வாங்க. ஒங்க முன்னாலயே சொல்லுதேன்."