அண்ணனுக்கும் சொல்லாத இலை

அவையின் நடுவே நிமிர்ந்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! கைதட்டலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசிக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் என்னைவிடச் சுவையாகப் பேசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

"புற்றுநோயை வென்ற புலி" என்று தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். ஐயா, என் வீட்டுக் கொசுகூட என்னைக் கண்டு பயந்ததில்லை! இலையை அரைத்து, சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுச் செல்கள்மேல் சொட்டுவிடுவது என் வேலை. நாளெல்லாம் அவற்றோடுதான் பேச்சு. பதில் வராது. வீட்டிலும் அப்படித்தான், பழகிவிட்டது.

ஒருநாள் அத்தனை புற்றுச் செல்களும் செத்துக் கிடந்தன. துள்ளினேன்! அதே மருந்தை நல்ல செல்களில் விட்ட தட்டு இன்னொன்று இருந்தது. அதைப் பார்க்கும்வரை வாய் சும்மா இருந்ததா? "மருந்து கிடைச்சாச்சு" என்று அண்ணிக்குப் போன் போட்டுவிட்டேன். அண்ணனுக்கு அதே நோய்.

மறுநாள் பார்த்தால், நல்ல செல்களும் செத்துக் கிடந்தன. கெட்டதைக் கொன்றதா? கொன்றது. நல்லதை விட்டதா? விடவில்லை. நெருப்புகூடத்தான் கொல்லும், மருந்தென்று விழுங்குவோமா?

அதற்குள் அண்ணன் என் மருந்தை நம்பி, இனி ஆஸ்பத்திரிக்கே போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

"இலை பேரை மட்டும் சொல்லுடா. நானே பறிச்சுக்கறேன்."

"மாட்டேண்ணா. அது உங்களையும் சாச்சுடும். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"வேற வழி வச்சியா நீ? போய்த் தொலைக்கறேன். ஆனா இனிமே எனக்குத் தம்பி கிடையாது."

என்னம்மா? "எங்களுக்காவது சொல்லுங்க" என்கிறீர்களா? கூடப் பிறந்தவருக்கே சொல்லவில்லை, உங்களுக்கா சொல்வேன்?

தட்டில் செத்தால் மருந்தாகிவிடுமா? எலியிடம் தேற வேண்டும்! மனிதரிடம் தேற வேண்டும்! தேறும்வரை தேடுவோம், தேறாததைத் தின்னக் கொடோம்!

அண்ணன் இப்போது தவறாமல் சிகிச்சைக்குப் போகிறார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்ணியிடம், "அந்த விஞ்ஞானியை வழி விட்டு நிக்கச் சொல்லு" என்பார். முதலில் அதைச் சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கியது. போன வாரம் அந்தக் குரலில் வராந்தாவே அதிர்ந்தது! கட்டி சுருங்குகிறதாம், அண்ணி அவர் காதில் விழாமல் சொன்னார்.

என்னை வைதுகொண்டே அவர் நெடுங்காலம் வாழட்டும்! இவ்வளவு பேர் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. எழுந்து போகாமல் இருந்ததற்கு நன்றி. வணக்கம்.