ரிலேயைப் பார்த்துவிட்டேன்

செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத வண்டியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை, ஐயா. பெட்ரோல் வந்திருக்காது, இல்லையென்றால் கரண்ட் வந்திருக்காது, அதுவும் இல்லையென்றால் காற்று அடைத்திருக்கும். நிதானமாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆலங்குடிப் பக்கம் பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. மெக்கானிக் சூசைமாணிக்கம் என்றால் சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும்.

நான் செய்துவந்த ஒரு சிறு உதவி பெண்களுக்கு மட்டுமே தெரியும். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வண்டி எடுக்கப் போகிறார் என்றால் யாராவது ஒருத்தி என்னிடம் வந்து நிற்பாள். நான் போய், பெட்ரோலைத் தள்ளும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேயைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். தீப்பெட்டியில் பாதி இருக்கும். அவர் செல்ஃப் அடித்து அடித்து அலுத்துப்போய்ப் படுத்துவிடுவார். போதை தெளிந்ததும் பழுது பார்ப்பதுபோல் பார்த்துத் திரும்பப் போட்டுவிடுவேன். இதனால் எத்தனை உயிர் தப்பியது என்பது ஆண்டவருக்குத் தெரியும். ஆண்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தப் பெண்களை அடிப்பார்கள். என்னை நம்பி ஒருவரும் வண்டி விடமாட்டார்கள்.

அன்று காலையில் சொர்ணவல்லி வந்தாள். அவள் கணவன் நாகராசு விடிந்ததும் குடித்துவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு திருமயம் கிளம்புகிறான் என்றாள். போய்க் கழற்றினேன். அவன் பதினொரு மணிவரை செல்ஃப் அடித்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க கை பட்ட வண்டி என்னைக்குண்ணே உருப்பட்டிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

மூன்று மணிக்குக் கடலைக் கொல்லையில் சொர்ணவல்லியைப் பாம்பு கடித்தது. தூக்கிவந்து அந்த வேனில் கிடத்திவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். லாரி ஓட்டும் ராமு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். ரிலே என் பையில்தான் இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் செருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் இருபது பேர். எல்லோரும் நல்ல மனிதர்கள். வெயிலுக்கு ஒருவர் எனக்குக் குடை பிடித்தார். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். நாகராசு போதையெல்லாம் இறங்கி என் தோளைப் பிடித்தபடியே நின்றான். என்னைத் தனியாக விட யாருக்கும் மனமில்லை.

அதனால் முறைப்படி பார்த்தேன். பேட்டரி வயரை இறுக்கினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ராமு இறங்கிப்போய் டேங்கில் காதை வைத்தான்.

"மோட்டார் சத்தமே வரலையேண்ணே. ரிலேயப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்," என்றேன்.

வேறு வண்டிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டான். ரெண்டு நிமிசம், எடுத்துரும் என்றேன். அவன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

சொர்ணவல்லிக்கு இமை சொருகிக்கொண்டு வந்தது. அப்போதும் என் சட்டைப்பையைத்தான் பார்த்தாள். "அத எடுத்துப் போட்ருங்கண்ணே," என்றாள். "அவருக்குத் தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியொரு பயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை, ஐயா.

"வெசம் ஏறுது. நெனவு தப்பிப் பேசுது," என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு செபமும் சொன்னேன். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை.

கடைசியில் ராமுவை ஸ்பேனர் எடுத்துவர அனுப்பினேன். மற்றவர்களைப் பின்னால் போய் வேனைத் தள்ளச் சொன்னேன். இந்த யோசனை முதலிலேயே வந்திருக்கலாம். அவர்கள் தள்ளும்போது ரிலேயைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். உடனே எடுத்தது. நாகராசு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆலங்குடி ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அவளுக்கு மூச்சில்லை. நான் வேலை பார்த்த நேரம் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தால்தான் அவள் செத்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் மறுக்கவில்லை.

நாகராசு இப்போது குடிப்பதில்லை. தினமும் என்னிடம் வந்து, வேனை ஒழுங்காக வைத்திருந்தால் அவளைப் பிழைக்க வைத்திருப்பேனே என்று அழுகிறான். நான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன் மேல ஒரு தப்பும் இல்லப்பா என்று சொல்லி அனுப்புகிறேன். இந்த ஊரில் அதை உறுதியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்த ஆறுதலாவது அவனுக்கு இருக்கட்டும். நான் சொன்னதை அவனுக்குப் படித்துக் காட்டாதீர்கள், ஐயா. அவனுக்காகத்தான் கேட்கிறேன்.