மேற்கே பார்த்துப் படுத்த மருத்துவச்சி

நம்ம பூட்டனுக்குப் பூட்டன் பொறக்காத காலமாம். செந்தேரிவிளைன்னு ஒரு ஊராம். மண்ணு செவசெவன்னு கெடக்குமாம். ஆடிக்காத்து அடிச்சா சோத்துல மண்ணு, கஞ்சியில மண்ணு, கோவில் மணிக்குள்ளயும் மண்ணாம். அந்த ஊர்ல பரிபூரணம்னு ஒரு மருத்துவச்சி இருந்தாளாம். பேறுகாலம் பாக்கதுல அவள அடிச்சிக்க ஆளு கெடையாதாம். ஊர்ல நிமிந்து நடக்கவன், குனிஞ்சி நடக்கவன், அம்புட்டு பேரும் அவ கையில விழுந்தவனுவதான்.

அவளுக்கு ஒரு கொணம். கேள்வி கேப்பா. வேதக்கோவில்ல மத்தவுக பிரசங்கத்தைக் கேட்டுட்டுத் தூங்குவாவ. இவ பிரசங்கத்தைக் கேட்டுட்டு பாதிரி ஐயரைத் தூங்கவிட மாட்டா.

ஒரு ஈஸ்டருக்கு ஐயரு சொன்னாராம். "இந்தப் பூமி முழுவதும் பிரசவ வலியில் கிடக்கிறது. ஒருநாள் கல்லறைகள் திறக்கும், மரித்தவர்கள் எழும்புவார்கள், வானமும் பூமியும் புதிதாகும்." மத்தவுக ஆமென்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கறி திங்கப் போயிட்டாவ. பரிபூரணம் போகல. வலின்னா என்னன்னு தெரிஞ்சவ அவதான. 'பூமிக்கு வலி கண்டிருக்குன்னா, பக்கத்துல இருந்து பாக்கது யாரு?'ன்னு யோசிச்சாளாம். யோசிச்சா, யோசிச்சா, நேரா கல்லறைத் தோட்டத்துக்கே போயிட்டாளாம்.

அங்கன குழிவெட்டுற மாசிலாமணி நின்னானாம்.

"ஏ மாசிலாமணி, எல்லாரையும் எதுக்குப் பாய் விரிச்ச மாதிரி ஒரே தெசையில கெடத்தியிருக்க?"

"ஆண்டவரு கெழக்க இருந்துல்லா வாராரு. காலைக் கெழக்க நீட்டிக் கெடத்துனா, எந்திரிச்சி நிக்கயில நேரா அவரு முகத்தைப் பாக்கலாம்."

"நல்லதுதான்"ன்னாளாம். சொல்லிட்டுத் திரும்புனா, மேக்க உடைமுள்ளு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்ன மேடு. பொறக்கும்போதே மூச்சில்லாம வந்த பிள்ளைய எல்லாம் அங்கதான் கெடக்கும். ஞானஸ்நானம் வாங்கலைல்லா? அதனால பேரு கெடையாது, மணி கெடையாது, ஜெபம் கெடையாது. ஓலைப்பெட்டியில வச்சி பரிபூரணந்தான் தூக்கிட்டு வருவாளாம். எது யாரு பிள்ளைன்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும். அவ வாயும் தொறக்க மாட்டா.

"ஏ மாசிலாமணி, அன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சி கெழக்க நடந்துருவாவ. இதுவ எல்லாருக்கும் முதுகுக்குப் பொறத்தால கெடக்கே. இதுவளுக்குத் தவழக்கூடத் தெரியாதே. யாருடா தூக்குவா?"

மாசிலாமணி மம்வெட்டியைப் பாத்தானாம். மேடுகளைப் பாத்தானாம்.

விட்டாளா? ஐயரு வீட்டுக்குப் போயி அதையே கேட்டாளாம்.

"ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார், பரிபூரணம்."

"பாப்பாரு ஐயா. பேறுகாலமும் அவரு பாக்கதுதான். ஆனா என் கைய வச்சில்லா பாக்காரு? நான் செத்தா என்னய மேக்க பாத்துக் கெடத்துங்க. எந்திரிச்ச ஒடனே ஓடிப் போயி தூக்கிக்கிடுதேன்."

ஐயரு பதறிட்டாராம். "சபை ஒழுங்கு என்று ஒன்று இல்லையா? அப்படிக் கிடந்தால் அவர் முகத்துக்கு நீ முதுகைக் காட்டிக்கொண்டல்லவா எழும்புவாய்? அந்த முகத்தைக் காணத்தானே ஆயுசெல்லாம் காத்திருக்கிறோம்!"

அதுதான் அவள வெட்டிப் போட்டுட்டாம். அவளுக்கும் ஆசை இருக்காதா? தாலி அறுத்த நாள்ல இருந்து ஆண்டவரோட அந்த ஒரு முகத்தை நெனச்சித்தான் அவ காலத்தை ஓட்டுனா. மூணு நாளு கஞ்சி எறங்கலையாம். அழுதாளாம், ஜெபம் பண்ணுனாளாம், மறுபடியும் அழுதாளாம். நாலாம் நாளு ஐயரு வாசல்ல வந்து நின்னாளாம்.

"ஐயா, தலை தெரியுற நேரத்துல மருத்துவச்சி மூஞ்சியத் திருப்புனா பிள்ள என்னத்துக்கு ஆகும்? அவரு முகத்தை நான் பொறவு பாத்துக்கிடுதேன். அவரு கோவிச்சிக்கிட மாட்டாரு."

ஐயரு முடியாதுன்னுட்டாராம். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கேட்டாளாம், ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை முடியாதுன்னாராம். அப்பிடியே ஒரு ஆடியில காய்ச்சல் வந்து அவ செத்தும் போனா.

ஊரே கூடிட்டாம். மாசிலாமணி குழி வெட்டிட்டான். வழக்கம்போல கால் கெழக்க இருக்கும்படி பெட்டியை எறக்கப் போனாவளாம். அப்போ, "திருப்புங்க"ன்னு ஒரு சத்தம். யாருன்னு பாத்தா ஐயரு சம்சாரம், ஐயரம்மா! அந்த அம்மா நாலு பேரு முன்ன சத்தமா ஒரு வார்த்தை பேசி ஊரு கேட்டதில்ல.

"திருப்பி வைங்க. என் மூத்த பிள்ளையும் அந்த வேலிக்கு அங்கனதான் கெடக்கான். பெத்த அப்பா ஒரு ஜெபம் சொல்லல. இவதான் ஓலைப்பெட்டியில வச்சித் தூக்கிட்டுப் போனா. அன்னைக்கும் இவளே வந்து தூக்கட்டும்."

ஐயரு கையில ஜெப புஸ்தகம் இருந்துச்சாம். அதை மூடி வச்சாராம். தானே குனிஞ்சி பெட்டியோட ஒரு முனையைப் பிடிச்சி, சுத்தி வந்து, மேக்க திருப்பி வச்சாராம். ஐயரம்மா தன் பழஞ்சேலை முந்தானையைக் கிழிச்சி, மூடியைத் தொறக்கச் சொல்லி, பரிபூரணம் கையில வச்சாவளாம். "ஏந்துறதுக்குத் துணி வேணும்லா"ன்னாவளாம். அதைக் கேட்டு அழாதவன் மனுசனே இல்ல.

மறுநாள் ஐயரே அருவாள எடுத்துட்டுப் போயி வேலியை வெட்டுனாராம். ஒவ்வொரு மேட்டுக்கும் முழங்கால்போட்டு ஜெபம் பண்ணுனாராம். தன் மகனுக்கு ஒரு பேரும் வச்சாராம்.

செந்தேரிவிளையில போயி பாருங்க, இன்னைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு மேக்க வேலி கெடையாது. ஒரே ஒரு கல்லறை மட்டும் எதுத்தாப்புல திரும்பிக் கெடக்கும். ஈஸ்டர் அன்னைக்கு விடியுமுன்ன பொம்பளைய எல்லாம் தொவச்ச பழஞ்சேலைத் துணியைக் கொண்டாந்து அது மேல விரிப்பாவ. ஆராதனை முடிஞ்சதும் அந்தத் துணி மாசமா இருக்கவுக வீட்டுக்குப் போயிரும். பொறக்குற பிள்ளைய மொதல்ல அதுலதான் ஏந்துவாவ. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பையில அந்தத் துணி இருக்கும். பிள்ள வீல்னு அழுத ஒடனே, கூட நிக்கவுக அந்தச் சின்ன மேடுகள நெனச்சிக் கண்ணைத் தொடச்சிக்கிட்டு ஒண்ணு சொல்லுவாவ.

"ஒண்ணு வந்துட்டு. மத்ததுவளும் வரும்."