பூஜை டியூட்டி

எனக்குக் கோபம் வராது சார். பெஹாலாவில் எங்கள் குடியிருப்பில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தண்ணீர் மோட்டார் சண்டைக்குக்கூட என்னைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள்.

நியூ டவுனில் அந்த மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் டியூட்டி எனக்குத்தான். என் மேலாளர் தேப்ஜானி தி, வங்காளி வழக்கில் தேப்ஜானி அக்கா, என்னை ‘தா’, அதாவது அண்ணா, என்றழைத்துச் சிரித்துக்கொண்டே சொல்வார்: “கிரிதர் தா, இது உங்க பண்டிகை இல்லையே.” அதே நாட்களில் எங்கள் வீட்டில் கொலு வைத்திருப்போம். நான் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வது?

இந்த வருடம் அஷ்டமி காலை, பந்தலில் அம்மனுக்குப் பூப்போட்டு அஞ்சலி செலுத்தும் படத்தை அவர் ஆபீஸ் குரூப்பில் போட்டார். சற்று நேரத்தில் நான் சர்வர்களின் அடிப்படை மென்பொருளை மாற்றும் கர்னல் அப்டேட்டைப் போட்டேன். முந்தின வாரமே ஒரு சோதனை மெஷினில் போட்டுப் பார்த்திருந்தேன். அது பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆகவே நோயாளிகளின் ஃபைல்கள் இருக்கும் விர்ச்சுவல் மெஷின்களும் எழுந்திருக்காது என்று தெரியும். மெஷின் தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் பத்தே நிமிடத்தில் சரியாகிவிடும் என்பதும் தெரியும். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை சார். பட்டுப்புடவையோடு அந்த அம்மாள் பந்தலிலிருந்து ஓடி வர வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் அவசரப் பிரிவிலிருந்து டாக்டர் மீரா அழைத்தாள். தமிழ்ப் பெண், தங்கமான பிள்ளை.

“சார், தாரான்னு ஒரு பேஷன்ட், நினைவில்லாம கொண்டு வந்திருக்காங்க. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியல. போன வருஷம் இங்கதான் ஏதோ மருந்து ஒத்துக்காம போச்சாம். எந்த மருந்துன்னு ஃபைல்லதான் இருக்கும். அதை மட்டும் எடுத்துக் குடுங்க, ப்ளீஸ்.”

“பாத்துக்கிட்டே இருக்கேன்மா,” என்றேன். பொய் இல்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபைல்கள் திறக்கவில்லை என்று தெரிந்து தேப்ஜானி தி பந்தலிலிருந்து கிளம்பிவிட்டிருந்தார். அப்போதே சரிசெய்திருந்தால் பாதி வழியில் திரும்பிப் போயிருப்பார். கரியாஹாட் கடைவீதியின் பூஜைக் கூட்டத்தில் கார் நகரவில்லை என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மீரா மறுபடி அழைத்தாள். “இனிமே காத்திருக்க முடியாது சார். எப்பவும் குடுக்கற மருந்தையே போட்டுடறேன்.”

“பகவான் இருக்கார்மா,” என்று தைரியம் சொன்னேன்.

தேப்ஜானி தி வந்து சேர்ந்தார், வியர்வையில் நனைந்து, செருப்பு அறுந்து. “கிரிதர் தா, நீங்கதான் காப்பாத்தணும்.” அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பூஜை காத்திருந்தேன் சார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சர்வர் அறையில் வந்து கூடியிருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள்.

தாராவின் ஃபைலை நானே திறந்தேன். ஆகாத மருந்தின் பெயர் முதல் வரியிலேயே சிவப்பில் இருந்தது. மீரா போட்டதும் அதைத்தான். அதற்குள் தாரா இறந்துவிட்டிருந்தாள்.

மீரா மேல் பழி போடாதீர்கள் சார், பாவம் சின்னப் பெண். அப்டேட்டைப் போட்டது நான். தெரிந்தே காத்திருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: தேப்ஜானி தி கேட்ட பத்தாவது நிமிடம் எல்லாவற்றையும் எழுப்பிக் கொடுத்தேன். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்குப் பொழுதே போயிருக்கும்.